தூரத்துக்கு எல்லா எழுத்தும் குண்டுதான்

பழவேற்காடு ஏரியின் மீனவ ஊர்களில் ஒன்று பசியாவரம். கரையில் ஏற்றிப் போட்டிருக்கும் ஃபைபர் படகு எதையாவது எடுத்துக்கொண்டு அதன் அணியத்தைக் கவனித்தால் இரண்டு வகை எழுத்து கண்ணில் படும். ஒன்று படகின் பெயர். குலசாமியின் பெயரோ, மாதாவின் பெயரோ, வீட்டுப் பிள்ளையின் பெயரோ, எனாமல் பெயின்டில் தடிமனாக, முனையெல்லாம் மழுங்கி, வசதியிருந்தால் பின்னால் ஒரு நிழலும் போட்டு எழுதியிருக்கும். இன்னொன்று பதிவு எண். ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் ரோமன் எழுத்துகளும் அவற்றை அடுத்து வரும் இலக்கங்களும் அலங்காரம் எதுவுமில்லாமல் நிற்கும்.

பெயரை எழுதச் சொல்லும்போது “நல்லா குண்டு குண்டா எழுதுண்ணே” என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அதே குண்டு எழுத்தைத்தான் இன்று வடிவமைப்பாளர்கள் ‘ரெட்ரோ’ என்ற பெயரில் கணினியில் வரைகிறார்கள். ஐஸ்கிரீம் டப்பா, குழந்தைப் புத்தகம், நகைச்சுவைப் படத்தின் தலைப்பு, யூடியூப் படத்தின் முகப்பு என்று எங்கும் அது உருண்டுகொண்டிருக்கிறது. பார்த்ததும் ஒரு சிரிப்பு, ஒரு பழைய நினைவு. ஆனால் இந்த உருண்டைக்குப் பின்னால் ரசனை மட்டும் இல்லை. எழுதும் கருவியின் இயற்பியல், கண்ணின் வரம்பு, மூளையின் பழக்கம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால், குண்டு எழுத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

உளியும் எழுத்தாணியும் பிரஷ்ஷும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகப் பல பத்தாண்டுகள் இருந்த ஊர் அது. கோட்டை இன்று இடிபாடு. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17ஆம் நூற்றாண்டின் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். அங்கே உள்ள ரோமன் எழுத்துகள் நிமிர்ந்து, கூர்மையாக, மூலைகளோடு நிற்கின்றன. உளி நேர்க்கோட்டில் இறங்கும் கருவி. கருங்கல்லில் ஒரு கோட்டை முடிக்க வேண்டுமென்றால் குறுக்கே ஒரு வெட்டு போட்டு முடிப்பதுதான் சுலபம். அதனால் மூலை தானாக வருகிறது.

பிரஷ்ஷுக்கு மூலைதான் கஷ்டம். எனாமல் பெயின்ட் ஒரு திரவம். எந்தத் திரவத்துக்கும் பரப்பு இழுவிசை உண்டு. தன் பரப்பை இயன்ற அளவு சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். பிரஷ்ஷை வைத்த இடத்திலும் எடுத்த இடத்திலும் பெயின்ட் உருண்டு நிற்பது அதனால்தான். கோட்டின் முனையைச் சதுரமாக்க ஓவியர் சின்ன பிரஷ்ஷால் இரண்டு மூலையையும் தனியாக இழுத்துவிட வேண்டும். வளைந்து இறங்கும் படகின் பக்கவாட்டில், வெயிலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு முனைக்கும் அந்த வேலையைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? முனை உருண்டே இருந்துவிடுகிறது.

ஸ்டிக்கர் எழுத்திலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. வினைல் ஸ்டிக்கரை எழுத்தாக வெட்டி ஒட்டினால் முதலில் கிளம்புவது கூரான மூலை. விசை ஒரு கூர்மையான இடத்தில் குவியும். வளைவான விளிம்பில் அது பரவிப்போகும். விமானத்தின் ஜன்னல் மூலைகளை வளைத்து வைத்திருப்பதும் இந்த விதியை வைத்துத்தான். உப்புக் காற்றும் தண்ணீரும் தினமும் அறையும் படகில் மூலை மழுங்கிய ஸ்டிக்கர் கூடுதல் நாள் தாங்கும்.

தமிழ் எழுத்து ஏன் இவ்வளவு வளைந்து கிடக்கிறது என்று கேட்டால் பலரும் ஓலையைக் காட்டுவார்கள். பனையோலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்தாணியால் அதே திசையில் நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும், ஆகவே எழுத்து வளைந்தது என்பது அந்த விளக்கம். இதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. ட, ப, ம எல்லாவற்றுக்கும் அடியில் படுக்கைக் கோடு இருக்கிறது. அவையும் ஓலையில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதப்பட்டவைதான்.

இன்னொரு காரணம் கையில் இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் லாக்வானிட்டி, டெர்சுவோலோ, விவியானி ஆகியோர் 1983இல் கை அசைவைப் பற்றி ஒரு விதியை வெளியிட்டார்கள். கோடு எவ்வளவு சட்டென்று வளைகிறதோ, அவ்வளவுக்குக் கையின் வேகம் குறைகிறது என்பது அதன் சாரம். மூலையில் திரும்ப வேண்டுமென்றால் கை ஏறத்தாழ நின்றுவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். வளைவில் நிற்காமல் போகலாம். நிறைய எழுதுகிற கை, தலைமுறை தலைமுறையாக, மூலைகளைத் தேய்த்துவிடும். கோணல்களும் நேர்க்கோடுகளுமாக இருந்த தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்து உருண்டு வந்ததில் இந்தத் தேய்மானத்துக்கும் பங்கு இருக்கும். வட்டெழுத்து கல்லிலும் வெட்டப்பட்டது. அங்கே உளி தன் இயல்பை விட்டுவிட்டு, எழுதும் கையின் வளைவைப் பின்பற்றியிருக்கிறது.

பழசு ஏன் உருண்டையாக நினைவிருக்கிறது

குண்டு எழுத்தைப் பார்த்ததும் ‘அந்தக் காலம்’ என்று தோன்றுவதற்கும் கருவிதான் காரணம். அமெரிக்காவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த ‘கூப்பர் பிளாக்’ 1922இல் வெளிவந்தது. கனத்த உடல், மழுங்கிய முனை, அடிப்பக்கம்கூடத் தட்டையாக இல்லாமல் கொஞ்சம் உருண்டிருக்கும். அதில் ஒரு நடைமுறை லாபம் இருந்தது. தட்டையான அடி கொண்ட எழுத்துகளை வரிசையில் கோக்கும்போது ஒன்று மயிரிழை ஏறி இறங்கினாலும் கண்ணில் உறுத்தும். அடி உருண்டிருந்தால் அந்தக் குறை மறைந்துபோகும். ஈய எழுத்து அச்சகத்தில் மை பிதுங்கி மூலைகளை நிரப்புவது வழக்கம். முதலிலேயே மூலை இல்லாத எழுத்துக்கு அந்தக் கவலையும் இல்லை.

1960களிலும் 70களிலும் ஒளியச்சுக் கோப்பு வந்தது. எழுத்தின் படத்தை ஒளியால் ஃபிலிமில் பதிப்பார்கள். ஒளி விளிம்பில் லேசாகக் கசிந்து பரவும், கூர் மூலைகள் மழுங்கும். அதைச் சரிக்கட்டச் சில வடிவமைப்பாளர்கள் மூலைகளில் வேண்டுமென்றே சின்ன முள் வைத்து வரைந்தார்கள். மற்றவர்கள் அந்த மழுக்கத்தையே பாணியாக்கிக்கொண்டார்கள். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவாகி 1979இல் வந்த ‘வாக் ரவுண்டட்’ பிற்காலத்தில் ஆப்பிள் கணினியின் விசைப்பலகை எழுத்தாகவும் இருந்தது. அந்த இரண்டு பத்தாண்டுகளின் இசைத்தட்டு உறை, விளம்பரம், தொலைக்காட்சித் தலைப்பு எல்லாவற்றிலும் உருண்டை எழுத்து நிறைந்திருந்தது. நம் மூளை பழசையும் உருண்டையையும் முடிச்சுப் போட்டது இப்படித்தான்.

தமிழுக்கு இதில் கூடுதலாக ஒரு அடையாளம் உண்டு. 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1930களிலிருந்தே தம் இதழ்களில் கடைப்பிடித்துவந்த மாற்றங்களில் ஒரு பகுதி அப்போது அதிகாரபூர்வமானது. அதுவரை லை, ளை, னை, ணை நான்குக்கும் இன்றைய ஐகாரக் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலிருந்தே யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு எழும்பும். ணா, றா, னா மூன்றுக்கும் தனித் துணைக்கால் இல்லை. எழுத்தோடு ஒட்டிய சுழிப்பு இருந்தது. ஒகர, ஓகார வரிசையையும் சேர்த்தால் மொத்தம் 13 எழுத்துகள் உருமாறின. பழைய கடைப் பலகைகளில் அந்தத் தும்பிக்கையை இன்னும் பார்க்கலாம். தமிழில் ஒரு தலைப்பைப் பழசாகக் காட்ட வேண்டுமென்றால் ஆங்கில ரெட்ரோவைத் தேடிப் போக வேண்டியதில்லை. தும்பிக்கை போட்ட ஒரு ‘லை’ போதும். யூனிகோடில் லைக்குரிய குறியீடு மாறாது. அதற்கு எந்த உருவம் காட்டுவது என்பதை எழுத்துருவை வரைபவர் முடிவு செய்யலாம்.

கண் எவ்வளவு தூரம் போகும்?

இப்போது படகைத் தண்ணீரில் இறக்குவோம். எவ்வளவு தூரத்திலிருந்து அதன் பெயரைப் படிக்க முடியும்?

டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862இல் வெளியிட்ட பார்வை அட்டைதான் இன்றும் கண் மருத்துவமனைச் சுவரில் தொங்குவதற்கு மூலம். அதன் கணக்கு எளிது. ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வருவது ஒரு கலை. நல்ல கண் ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். ஆங்கில ‘ஈ’ எழுத்தில் மூன்று படுக்கைக் கோடு, இரண்டு வெளி, ஆக ஐந்து அடுக்கு. ஆகவே அந்த எழுத்தின் உயரம் கண்ணில் ஐந்து கலை விரிந்தால் படிக்கலாம்.

100 மீட்டர் தொலைவில் ஒரு கலை என்பது சுமார் 2.9 சென்டிமீட்டர். ஐந்து கலை என்றால் 14.5 சென்டிமீட்டர். ஒரு சாண் உயரத்துக்கு, அதாவது சுமார் 22 சென்டிமீட்டருக்கு, ரோமன் எழுத்து எழுதினால் நல்ல கண்ணுக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வரை தெரியும். இது வரம்பு. படகு ஆடும், தண்ணீர் பளபளக்கும், பெயின்ட் வெளுத்திருக்கும். சிரமப்படாமல் படிக்க அதில் பாதித் தூரத்தைத்தான் நம்பலாம்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. முதலாவது, 100 மீட்டருக்கு அப்பால் 2.9 சென்டிமீட்டரைவிடச் சிறிய எதையும் கண் பிரித்துப் பார்ப்பதில்லை. மூலை என்பது மிகச் சிறிய விவரம். ஓவியர் மெனக்கெட்டுக் கூராக்கிய மூலையும், அப்படியே விட்டுவிட்ட உருண்டை முனையும் அந்தத் தொலைவில் ஒன்றேதான். தூரத்துக்கு எல்லா எழுத்தும் குண்டுதான். முனையை மழுக்குவதால் படிக்கும் தூரம் குறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது விஷயம் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் இழுக்கிறது. கண் தேடுவது கோட்டை மட்டுமில்லை, கோடுகளுக்கு நடுவிலுள்ள வெளியையும்தான். மூன்று சுழி ‘ண’வை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் இடமிருந்து வலமாக ஒரு நூலைப் பிடித்தால், கோடு, வெளி, கோடு, வெளி என்று மாறிமாறி எண்ணிக்கை பத்தை நெருங்கும். எழுத்து அகலமானது என்றாலும் அவ்வளவையும் அதற்குள் அடைக்க வேண்டும். அதே உயரத்தில் ஆங்கில ‘ஈ’யைவிட இது முன்னதாகவே மங்கிவிடும். எழுத்தைக் குண்டாக்கினால் என்ன ஆகும்? கோடு தடிக்கும், வெளி ஒடுங்கும். வெளி பாதியானால் படிக்கும் தூரமும் கிட்டத்தட்டப் பாதியாகும். இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். முனை உருண்டிருப்பதில் ஒன்றும் கெடாது. உடல் பெருத்துச் சுழி அடைபடுவதில்தான் ஆபத்து.

பூபாவும் கிகியும்

தூரத்தில் ஒன்றாகத் தெரிவது கிட்டத்தில் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? குண்டு எழுத்து ஏன் நட்பாகத் தோன்றுகிறது?

ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929இல் ஒரு சோதனையைப் பதிவு செய்தார். இரண்டு உருவங்கள், ஒன்று மேகம்போல உருண்டது, மற்றது முள்முள்ளானது. இரண்டு வெற்றுப் பெயர்கள். எந்தப் பெயர் எந்த உருவத்துக்கு? வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் ‘பூபா’, ‘கிகி’ என்ற பெயர்களோடு இதைப் பிரபலமாக்கினார்கள். அமெரிக்க மாணவர்களிடமும், இங்கே தமிழ் பேசுபவர்களிடமும் கேட்டார்கள். இரு தரப்பிலும் 95 விழுக்காட்டுக்கு மேல் உருண்டையைப் பூபா என்றும் முள்ளைக் கிகி என்றும் சொன்னார்கள்.

ரோமன் எழுத்தில் ‘பி’ உருண்டது, ‘கே’ கூரானது, அந்தப் பழக்கம்தான் இப்படிச் சொல்லவைக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 25 மொழிகளைச் சேர்ந்த 917 பேரிடம் இதைச் சோதித்தது. அவர்களுடைய மொழிகள் பத்து வகை எழுத்து முறைகளில் எழுதப்படுபவை. சராசரியாக 72 விழுக்காட்டினர் எதிர்பார்த்தபடியே பொருத்தினார்கள். எழுத்து முறை மாறியும் விளைவு நின்றது. பழைய 95 விழுக்காட்டைவிட இது குறைவுதான், ஆனால் பரந்த உலகத்தில் எடுத்த அளவு என்பதால் இதையே நம்பலாம்.

ஹார்வர்டைச் சேர்ந்த மோஷே பாரும் மைடல் நேட்டாவும் 2006இல் அன்றாடப் பொருள்களின் படங்களைக் காட்டிக் கேட்டபோது, கூர் விளிம்புள்ளவற்றைவிட வளைந்தவற்றையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். கூர்மை ஆபத்தை நினைவூட்டுவது காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. உணவைப் பற்றிய ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. உருண்டை எழுத்தை இனிப்போடும், கோண எழுத்தைப் புளிப்பு, கசப்போடும் மக்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். மிட்டாய் உறைக்குக் குண்டு எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர் இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் நாக்கு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

தம்பியை வரைவது எப்படி

மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் குழு ‘பாலு’ என்ற உருண்டை எழுத்துருக் குடும்பத்தை உருவாக்கியது. பல இந்திய எழுத்து முறைகளுக்கு அதில் ஆளுக்கோர் உடன்பிறப்பு உண்டு. மலையாளத்துக்கு ‘சேட்டன்’, வங்காளத்துக்கு ‘தா’, தமிழுக்கு ‘பாலு தம்பி’. தமிழ் எழுத்துகளை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். பிரேசிலின் மார்செலோ மகல்யாயின்ஸ் வரைந்த ‘காய்னி’யும் தமிழுக்கும் ரோமனுக்குமான குண்டு எழுத்துரு. இரண்டையும் கூகுள் ஃபான்ட்ஸில் யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

திரையில் தெரியும் ஒவ்வொரு வளைவும் ஒரு கணிதச் சமன்பாடு. 1960களை ஒட்டி சித்ரோயன் கார் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேவும் காரின் உடலை வரையக் கண்டுபிடித்த வளைகோடுகளே இன்று எழுத்துருவுக்கும் அடிப்படை. இரண்டு முனைப்புள்ளி, அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளி. இப்படி நான்கு வளைகோடுகளைச் சேர்த்தால் கண்ணுக்குக் குறை தெரியாத வட்டம் கிடைக்கும்.

ஆனால் சரியான வட்டம் நல்ல எழுத்தாகிவிடாது. உருண்ட எழுத்தையும் தட்டையான எழுத்தையும் ஒரே உயரத்தில் வரைந்தால் உருண்டது குட்டையாகத் தெரியும். அதன் உச்சியும் அடியும் கோட்டை ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன. ஆகவே ‘ட’வைவிட ‘ல’வின் வளைவைக் கோட்டுக்குக் கீழே ஒரு சிட்டிகை இறக்க வேண்டும். நேர்க்கோடு வட்டத்தோடு சேரும் இடத்தில் வளைவு சட்டென்று தொடங்கினால் கண் அதை ஒரு முட்டாக உணரும். அதனால் வளைவை மெல்ல மெல்லத் தொடங்க வேண்டும். சுழியில் கோடு தன்மேலேயே திரும்பும் இடத்தில் தடிமனை ரகசியமாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒரு கருப்புத் திட்டு விழும். ‘ண’, ‘ஞ’, ‘ஊ’ மூன்றிலும்தான் ஒரு வடிவமைப்பாளரின் கை தெரியும். உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொரு மெய்க்கும் தனி உருவம் இருப்பதால், கு, நு, டூ, மூ என்று 36 எழுத்துகளைத் தனித்தனியாக வரைய வேண்டியிருப்பது இன்னொரு வேலை.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

குண்டு எழுத்து கூப்பிடுவதற்கு ஏற்றது. இரண்டு மூன்று சொல், பெரிய அளவு, நல்ல மனநிலை. படகின் பெயர், பள்ளிச் சுவர், மிட்டாய்க் கடை, சிறுவர் நூலின் அட்டை, தடுப்பூசி முகாமின் அழைப்பு எல்லாம் அதன் இடங்கள். ஒரு பக்கம் முழுக்க அதில் அச்சடித்தால் வெளியெல்லாம் அடைபட்டுக் கண் களைத்துவிடும். மாத்திரை அட்டை, உயிர்காப்பு உடையின் குறிப்பு, புயல் எச்சரிக்கை ஆகியவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் ஆபத்து. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அது சிரித்துக்கொண்டு நிற்கும்.

பதிவு எண்ணுக்கும் அது ஆகாது. 3, 6, 8, 9 நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது எங்கே வெளி திறந்திருக்கிறது, எங்கே மூடியிருக்கிறது என்பதில்தான். குண்டாக்கினால் திறப்பு அடைபட்டு நான்கும் எட்டாகிவிடும். கடலில் தத்தளிக்கும் படகு எது என்று ரோந்துக் கப்பலோ ஹெலிகாப்டரோ தேடும்போது அந்த ஒரு திறப்புதான் பேசும்.

எழுதும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். எழுத்தின் அளவையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் கண்ணுக்கு விரியும் கோணம் மாறாது. படகில் 20 சென்டிமீட்டரில் வரப்போகும் எண்ணை டிடிபி கடையில் 2 சென்டிமீட்டரில் அச்செடுத்து, சுவரில் ஒட்டி, 10 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். 100 மீட்டரில் படகு எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும். எட்டையும் மூன்றையும் தயங்காமல் சொல்ல முடிந்தால் அந்த எழுத்துருவில் எண்ணை எழுதலாம். சொல்ல முடியாவிட்டால் எண்ணுக்கு வேறொன்றைத் தேடிக்கொண்டு, குண்டு எழுத்தைச் சாமி பெயருக்கு வைத்துக்கொள்ளலாம்.